மாவட்டப் போட்டில ரெண்டாவது வந்த பொண்ணு, ஜெயிச்சவளுக்கு கை குடுக்காம வந்துட்டா. என்ன பண்றது?

#1 நத்தம்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறவன் தான், எழுதறது இப்ப தான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, 12 வயசு. ரெண்டு வருஷமா 600 மீட்டர் ஓடறா. போன வாரம் திண்டுக்கல்ல மாவட்டப் போட்டி, 14 வயசுக்கு உட்பட்டவங்க பிரிவு. குறுவட்டத்துல (மாவட்டத்துக்கு முந்தின லெவல் போட்டி) இவ தான் முதல் இடம், அதனால வீட்ல எல்லாருக்கும் ஒரு நினைப்பு வந்துருச்சு, எங்கம்மா போட்டிக்கு முந்தின நாளே பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்துட்டாங்க. ஃபைனல்ல 590 மீட்டர் வரைக்கும் இவ தான் முன்னாடி. கடைசி பத்து மீட்டர்ல இவ கூடவே ஒரே கிரவுண்டுல பிராக்டிஸ் பண்ற இன்னொரு புள்ள (குறுவட்டத்துல ரெண்டாவது வந்த புள்ள) ஒட்டி வந்து ரெண்டு பேரும் ஒண்ணாவே கோட்டை தாண்டுன மாதிரி இருந்துச்சு. இவளுக்கு ரெண்டாவது இடம் குடுத்தாங்க.

அந்தப் புள்ள மூச்சு வாங்கிட்டே வந்து கையை நீட்டுச்சு. இவ பாக்காத மாதிரி தண்ணி பாட்டிலை எடுத்துட்டு நேரா என்கிட்ட வந்துட்டா. நத்தம் வர்ற வரைக்கும் பைக்ல ஒரு வார்த்தை பேசல. மறுநாள் அவங்கம்மா பையை எடுத்து வைக்கும்போது பாத்தா, சர்டிபிகேட்டை நாலா மடிச்சு ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள திணிச்சு வச்சிருக்கா.

திட்டறதா, விட்டுடறதா, அந்தப் புள்ள வீட்டுக்கு கூட்டிட்டுப் போய் சாரி சொல்ல வைக்கிறதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 வெறியன்86

எதுக்கு திட்டணும்? தோத்தா எரியணும் பாஸ். எரியாதவன் விளையாட்டுக்கே லாயக்கில்ல. கை குடுக்கறது கட்டிப்பிடிக்கறதெல்லாம் கேமராவுக்கு. புள்ளைக்கு வெறி இருக்கு, விடுங்க.

#3 பிடி_சார்

சர்டிபிகேட்டை நாலா மடிச்சாளா??? ஐயா முதல்ல அதை எடுத்து நிமிர்த்துங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம். 22 வருஷமா உடற்கல்வி ஆசிரியரா இருக்கேன், மடிச்ச சர்டிபிகேட் பாத்தா எனக்கு வயித்தைப் பிசையுது. மேல கனமான புத்தகம் வச்சு ரெண்டு நாள் விடுங்க.

சாயங்காலம் விரிவா எழுதறேன், இப்ப கிரவுண்டுல பசங்க நிக்கிறாங்க.

#4 செஸ்_அம்மா

நான் சென்னைல இருந்து. எங்க வீட்ல ஓட்டம் இல்ல, செஸ், ஆனா கதை ஒண்ணு தான். போர்டுக்கு முன்னாடி கை குடுத்தே ஆகணும், அது விதி மாதிரி. அதனால பசங்க கையைக் குடுத்துட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க, விரல் நுனி மட்டும் படும். கை குடுக்க வச்சுட்டா குணம் வந்துரும்னு நினைக்காதீங்க, அதுக்கு சொல்றேன்.

என் பையன் எட்டு வயசுல டோர்னமெண்ட் ஆட ஆரம்பிச்சான். ஹாலுக்குள்ள பேரண்ட்ஸை விட மாட்டாங்க, வெளிய மரத்தடில பிளாஸ்டிக் சேர்ல நூறு பேர் உக்காந்திருப்போம். புள்ளைங்க வெளிய வரும்போது முதல்ல பாக்கறது எதைன்னு நினைக்கிறீங்க, எங்க மூஞ்சியைத்தான். ஒரு தடவை இவன் தோத்துட்டு வர்றான், நான் ஒண்ணுமே சொல்லல, ஃபோன்ல கால்குலேட்டரை மட்டும் எடுத்தேன். சின்னப் பசங்களுக்கு கே ஃபேக்டர் (ஒரு கேம்ல ரேட்டிங் எவ்ளோ ஏறும் இறங்கும்னு முடிவு பண்ற நம்பர்) 40, சம ரேட்டிங் உள்ளவன்கிட்ட தோத்தா ஒரே கேம்ல 20 பாயிண்ட் போயிரும், அந்தக் கணக்கு. அவன் ஃபோனை பாத்துட்டு "எவ்ளோ போச்சும்மா?"ன்னு கேட்டான். எட்டு வயசுப் பையன், விளையாட்டு எப்படிப் போச்சுன்னு பேசல, எவ்ளோ போச்சுன்னு கேக்கறான். அன்னிக்கு எனக்கே கூசிருச்சு.

இப்ப ரூல் ஒண்ணு வச்சிருக்கேன், டோர்னமெண்ட் முடியற வரைக்கும் ரேட்டிங் கணக்கு பாக்கறது இல்ல, யாரும். அவன் பாட்டி உட்பட (அவங்க தான் மோசம்).

இன்னொண்ணு. குகேஷ் 2019 ஜனவரில கிராண்ட்மாஸ்டர் ஆனப்ப உலகத்துலயே சின்ன வயசுங்கிற ரெக்கார்டை 17 நாள்ல தவற விட்டான். 2022ல மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்ல முதல் எட்டு ஆட்டமும் ஜெயிச்சுட்டு, பத்தாவது ரவுண்டுல ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை உஸ்பெகிஸ்தான் அப்துசத்தாரோவ்கிட்ட கோட்டை விட்டு, தலையைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருந்தான், லைவ்ல எல்லாரும் பாத்தோம். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன் ஆன மேட்ச்லயே முதல் ஆட்டம் தோல்வி, 12வது ஆட்டம் தோல்வி. நான் பையனுக்கு ஜெயிச்ச ஆட்டத்தை விட அந்த 12வது ஆட்டத்தை தான் போட்டுக் காட்டுவேன். அதுக்கு அடுத்த நாள்ல இருந்து என்ன பண்ணான்னு பாருன்னு.

#5 ஓடும்_கால்கள்

நத்தம் சார் ஒரே ஒரு கேள்வி. டைமிங் என்ன? இவ்ளோ எழுதிருக்கீங்க டைமிங் எங்கயும் இல்ல.

#6 நத்தம்_அப்பா

1:52.4ன்னு ஷீட்ல போட்டிருந்தாங்க. ஸ்டாப்வாட்ச் தான், எலக்ட்ரானிக் இல்ல.

#7 ஓடும்_கால்கள்

முன்னாடி பெஸ்ட்?

#8 நத்தம்_அப்பா

குறுவட்டத்துல 1:56 சொச்சம்.

#9 ஓடும்_கால்கள்

சார் 600 மீட்டர்ல நாலு செகண்ட் குறைச்சிருக்கா உங்க பொண்ணு!! ஒரு மாசத்துல!! இதை நீங்களும் சொல்லல அவளும் சொல்லல, அவங்க வாழ்க்கைலயே பெஸ்ட் ஓட்டம் ஓடிட்டு வந்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள மடிச்சு வச்சிருக்காங்க. பக்கத்துல அந்தப் புள்ள இல்லன்னா இந்த நாலு செகண்ட் வந்திருக்குமா, யோசிச்சுப் பாருங்க. தனியா ஓடுனா 1:55க்கே நாக்கு தள்ளிருக்கும். அந்த நாலு செகண்டுல பாதி அந்தப் புள்ள குடுத்தது.

நான் காலேஜ் வரைக்கும் 800 ஓடுனவன், பெருசா ஒண்ணும் சாதிக்கல, ஆனா என் நோட்டு இன்னும் இருக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, டைமிங், காத்து எப்படி, முதல் ரவுண்டு எவ்ளோ, காலைல என்ன சாப்பிட்டேன். எத்தனாவது வந்தேன்ங்கிறதுக்கு அதுல இடமே கிடையாது, எங்க கோச் போட விட மாட்டார். எத்தனாவதுங்கிறது பக்கத்துல யார் வந்தான்ங்கிறதைப் பொறுத்தது, அது உன் கையில இல்லடாம்பார். அப்ப புரியல, எரிச்சலா தான் இருந்துச்சு.

#10 ஒஸ்லோ_தம்பி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப நோர்வேயில இருக்கிறன். இஞ்ச என்ட மகன் ஃபுட்பால் விளையாடுறவன், 9 வயசு. முதல் மேட்சுக்குப் போன நேரம் நான் ஸ்கோர் போர்டைத் தேடித் தேடிக் களைச்சுப் போனன். இல்லை. போடமாட்டினம். நோர்வேயில 1987இல இருந்தே பிள்ளையளின்ட விளையாட்டுக்கெண்டு தனி விதி இருக்கு, 2007இல பிள்ளையளின்ட உரிமை எண்டு இன்னும் இறுக்கிப் போட்டினம். 11 வயசு ஆகும் வரைக்கும் ரிசல்ட் லிஸ்ட், தரவரிசை ஒண்டும் வெளியிடக் கூடாது. 13 வயசுக்குக் கீழ நாட்டு சாம்பியன்ஷிப்பே கிடையாது. பரிசு குடுக்கிறதெண்டா எல்லாருக்கும் குடுக்கோணும். கோச் முக்கால்வாசி பேர் ஆரும் ஒரு பிள்ளையின்ட அப்பாவோ அம்மாவோ தான், சம்பளம் இல்லை, மற்ற ஆக்கள் வாஃபிள் சுட்டு விப்பினம் கிளப்புக்குக் காசு சேர்க்க. நானும் சுட்டிருக்கிறன், கருகிப் போச்சு.

இதைக் கேட்டா எங்கட ஆக்கள் சிரிப்பினம், உப்பிடி வளர்த்தா பிள்ளை சோம்பேறி ஆகாதோ எண்டு. ஆனா 2022 குளிர்கால ஒலிம்பிக்ஸில 16 தங்கம், அதுக்கு முதல் எந்த நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்ஸில அவ்வளவு தங்கம் எடுக்கேல்லை, சனத்தொகை வெறும் 55 லட்சம் சொச்சம். கார்ஸ்டன் வார்ஹோம் எண்டு 400 மீட்டர் தடைதாண்டல் ஓட்டக்காரன், டோக்கியோ ஒலிம்பிக்ஸில 45.94 செக்கன்ல ஓடினவன், அவனும் சின்னனில ஒண்டை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டவன் இல்லை, 2013 உலக யூத் போட்டியில எட்டு விளையாட்டும் சேர்ந்த ஆக்டத்லான்ல தான் தங்கம் எடுத்தவன்.

உண்மையையும் சொல்லோணும், ஸ்கோர் போர்டு இல்லாட்டியும் பெடியள் எல்லாருக்கும் ஸ்கோர் தெரியும். வீட்ட வரேக்க மகன் "7-2 அப்பா" எண்டு சொல்லுவான். விதி பிள்ளையளுக்கு இல்லை, எங்களுக்குத் தான் எண்டு இப்ப விளங்குது.

#11 பிடி_சார்

வந்துட்டேன். ஒஸ்லோ தம்பி எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன், ஆசையா தான் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை யாரும் பேச மாட்டேங்கறீங்க. எத்தனாவதுங்கிறது முக்கியம் இல்லன்னு சொல்றது வசதி உள்ளவங்க வீட்டுப் பேச்சு. கோவிச்சுக்காதீங்க.

என் ஸ்கூல் அரசுப் பள்ளி. எங்கிட்ட ஓடற பசங்கள்ல பாதிப் பேர் வீட்ல காலைல சாப்பாடு கிடையாது. அவங்களுக்கு மாவட்டத்துல முதல் ரெண்டு இடம்னா அடுத்த லெவல், மாநிலத்துல இடம்னா விளையாட்டு விடுதி, அப்புறம் காலேஜ் சீட். இன்ஜினியரிங்ல விளையாட்டுக்கு 500 சீட், எம்பிபிஎஸ்ல 7 சீட், அரசு வேலைல 3 சதவீதம். அந்த சர்டிபிகேட்ல "முதல்"னு இருக்கா "பங்கேற்பு"னு இருக்காங்கறது ஒரு குடும்பத்தோட தலையெழுத்து. எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு இப்ப போலீஸ்ல இருக்கு, செருப்பில்லாம ஓடுன புள்ள. அதுகிட்ட போய் "ஜெயிக்கறது முக்கியமில்லம்மா"ன்னு நான் எந்த வாயால சொல்வேன்?

அதனால நான் சொல்லித் தர்றது வேற. ஜெயிக்கணும், கண்டிப்பா ஜெயிக்கணும், ஆனா பக்கத்து லேன் புள்ளை எதிரி இல்ல. அதுவும் அதே சீட்டுக்கு தான் ஓடுது, அது வீட்லயும் அடுப்பு எரியல. இதை வாயால சொன்னா எந்தப் புள்ளைக்கும் ஏறாது, பண்ண வைக்கணும். நான் பண்றதுல சிலது சொல்றேன்.

எங்க கிரவுண்டுல வாட்ச் பிடிக்கறது நான் இல்ல. யார் யாருக்குப் போட்டியோ அவங்க தான் ஒருத்தருக்கு ஒருத்தர் வாட்ச் பிடிக்கணும். அவ ஓடும்போது நீ நின்னு பாக்கணும், 200க்கு டைமிங் கத்தணும், முடிச்சதும் நோட்டுல உன் கையெழுத்துல எழுதணும். முதல் வாரம் மூஞ்சியைத் தூக்கிட்டு எழுதுவாங்க. மூணாவது வாரத்துல பாருங்க, "ஏய் இன்னிக்கு கடைசி 200 உனக்கு 36 வந்துச்சுடீ"ன்னு அவங்களே ஓடி வந்து சொல்லுவாங்க. அடுத்தவ உடம்பு என்ன பாடு படுதுன்னு வாட்ச் பிடிச்சு பக்கத்துல நின்னு பாத்தா தான் தெரியும்.

அப்புறம் 200 மீட்டர் ஆறு தடவை ஓட விடறேன்னா, ஒரு தடவை நீ முன்னாடி, அடுத்தது அவ முன்னாடி, பின்னாடி வர்றவ தாண்டக் கூடாது. முன்னாடி போறவ வேகத்தை சரியா வச்சுக் குடுக்கணும், கண்டபடி ஓடக் கூடாது, அடுத்தவளுக்காக ஓடற ஓட்டம் அது. வெள்ளிக்கிழமை மட்டும் மெதுவா ஓடறவங்களை 20 மீட்டர், 40 மீட்டர் முன்னாடி நிக்க வச்சு விடுவேன், எல்லாரும் கோட்டுகிட்ட ஒண்ணா வர்ற மாதிரி. அன்னிக்கு எவன் ஜெயிப்பான்னு எனக்கே தெரியாது, எப்பவும் கடைசில வர்ற பையன் அன்னிக்கு முதல்ல வந்து நெஞ்சை நிமித்திட்டு சுத்துவான். எப்பவும் முதல்ல வர்றவனுக்கு தோக்கறது எப்படின்னு வாரா வாரம் பழக்கம் ஆகும். தோல்வியையும் பிராக்டிஸ் பண்ணி தான் பழகணும், அதை நேரா மாவட்டப் போட்டில போய் அறிமுகம் பண்ணா இப்படித் தான் கையைக் குடுக்காம வருவாங்க.

அப்புறம் நத்தம் ஐயா, ஒண்ணு கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. கோட்டுல ஒண்ணா வந்தாங்கன்னு எழுதிருக்கீங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க, என்ன பண்ணீங்க?

#12 கிலோ_கபடி

பிடி சார் சரியான கேள்வி கேட்டார் ஹாஹா

எங்க பக்கம் கபடி. போட்டின்னா 55 கிலோ மேட்ச், 60 கிலோ மேட்ச்னு ஊர் ஊருக்கு நடக்கும். பையன் 57 கிலோ இருந்தா ரெண்டு நாள் சோத்தைக் கட், தண்ணியைக் கட், வெயில்ல ஸ்வெட்டர் போட்டுட்டு ஓட விடுவானுங்க, எச்சி துப்பிக்கிட்டே இருக்கணும். எடை போட்டு முடிச்சதும் ரெண்டு லிட்டர் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுட்டு ஆட எறங்குவான். நானும் பண்ணிருக்கேன், 15 வயசுல. ஒரு மேட்ச்ல பாடிட்டுப் போனவன் நடுவுல கண்ணு இருட்டி கோட்டுக்கு அந்தப் பக்கமே உக்காந்துட்டேன், என்னைப் பிடிச்ச எதிர் டீம் பையன் தான் தூக்கி நிழல்ல போட்டான். எங்க ஆளுங்க ரெஃப்ரிகிட்ட பாயிண்ட்டுக்கு சண்டை போட்டுட்டு இருந்தானுங்க.

இப்ப நான் சின்னப் பசங்களுக்கு சொல்லித் தர்றேன், ஒரே கண்டிஷன், இருக்கற எடைல ஆடு, எடை ஏறுனா மேல ஆடு. ரெண்டு பையன் போயிட்டானுங்க வேற டீமுக்கு. போகட்டும்.

சர்டிபிகேட்ல வயசு குறைக்கறதைப் பத்தி யாரும் பேசலயா?

#13 வெறியன்86

வயசு குறைக்கறது எல்லா இடத்துலயும் தான் நடக்குது, நீ மட்டும் யோக்கியமா இருந்தா உன் பையன் தோப்பான். அவ்ளோ தான்.

அப்புறம் இந்த நட்பு நட்புன்னு பேசறவங்களுக்கு. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஹை ஜம்ப்ல கத்தார் பார்ஷிமும் இத்தாலி தம்பேரியும் 2.37 மீட்டர்ல சமமா நின்னு தங்கத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க, எல்லாரும் கண்ணீர் விட்டீங்க. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அதே ஹை ஜம்ப்ல நியூசிலாந்து கெர்ரும் அமெரிக்கா மெக்யூவனும் 2.36ல சமம், பகிர மாட்டோம்னு ஜம்ப் ஆஃப் (ஒருத்தர் ஜெயிக்கற வரைக்கும் மறுபடி தாண்டறது) போனாங்க, கெர் 2.34 தாண்டி தங்கம் எடுத்தான். மெக்யூவன் வெள்ளி. எது சரி? எனக்கு ரெண்டாவது தான் பிடிச்சிருக்கு. விளையாட்டுன்னா ஒருத்தன் ஜெயிக்கணும்.

#14 செஸ்_அம்மா

வெறியன் தம்பி, உங்க ரெண்டாவது உதாரணத்துல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, கடைசி வரைக்கும் மோதிப் பாத்துட்டாங்க. அதுல என்ன கெட்டது இருக்கு? மோதறது தப்புன்னு இங்க யாருமே சொல்லலையே. அதே பாரிஸ்ல ஈட்டி எறியறதுல பாகிஸ்தான் நதீம் 92.97 மீட்டர் எறிஞ்சு தங்கம், நம்ம நீரஜ் சோப்ரா 89.45 எறிஞ்சு வெள்ளி. நீரஜோட அம்மா "தங்கம் வாங்குனவனும் எங்க புள்ள தான்"ங்கற மாதிரி சொன்னாங்க. எந்த நாட்டுக்காரன்னு பாக்கல அந்தம்மா. அதுக்காக நீரஜ் குறைச்சு எறிஞ்சானா என்ன?

#15 ஃபிசியோ_கோவை

வயசு மேட்டருக்கு நான் கொஞ்சம் சொல்றனுங்க, தினம் பாக்கறது தான்.

கிரிக்கெட்ல 16 வயசுக்குட்பட்டவங்களுக்கு பிசிசிஐ மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாக்கறாங்க, அதுக்கு டிடபிள்யூ3ன்னு ஒரு முறை. ஸ்கூல் லெவல்ல பர்த் சர்டிபிகேட் தான். நம்ம அப்பா தலைமுறைல பாதிப் பேருக்கு ஸ்கூல்ல வாத்தியார் வச்ச ஜூன் மாசப் பிறந்தநாள் தானுங்களே, இப்ப அது காசு குடுத்து பண்ற வேலையா ஆயிருச்சு. ஆனா பொய்யே இல்லாம இருந்தாலும் பிரச்சனை இருக்குங்க. டிசம்பர் 31 கணக்குன்னா ஜனவரில பொறந்த குழந்தையும் அதே வருஷம் டிசம்பர்ல பொறந்த குழந்தையும் ஒரே பிரிவு. 12, 13 வயசுல பதினொரு மாசம்ங்கறது பெரிய வித்தியாசம். அதுவும் பொண்ணுங்களுக்கு சராசரியா 11, 12ல உடம்பு கடகடன்னு வளரும், பசங்களுக்கு 13, 14ல. முன்னாடியே வளந்த குழந்தை இன்னிக்கு எல்லாத்துலயும் ஜெயிக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு மத்ததெல்லாம் வளந்து வந்ததும் "ஏன் டைமிங் நிக்குது"ன்னு வீட்ல திட்டு விழும். குழந்தை ஒண்ணும் பண்ணலீங்க, மத்ததுங்க வளந்துருச்சு, அவ்ளோ தான்.

நத்தம் அண்ணா உங்க பொண்ணு அந்த வயசுக்கு தான் வர்றா. அடுத்த ஒரு வருஷம் டைமிங் குறையாம கூட போகலாம், கொஞ்சம் ஏறவும் செய்யலாம், பயந்துராதீங்க. குதிகால்ல, முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்ச எடத்துல வலின்னு சொன்னா "சமாளி"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, வளர்ற எலும்பு இழுபடற வலி அது, ஓட்டத்தைக் குறைச்சா சரியாகும். இன்னொண்ணு, பொண்ணுங்க எடை குறைஞ்சா வேகம் வரும்னு சாப்பாட்டைக் குறைப்பாங்க, மாசத்துக்கு வர்றது நின்னு போயிரும், அதையும் "ஓடறதால தான்"னு விட்டுருவாங்க. நின்னு போச்சுன்னா டாக்டர்கிட்ட போறதுக்கு ஒரு வாரம் கூட தள்ளாதீங்க. இதை அப்பாகிட்ட சொல்ல மாட்டாங்க, அம்மா கேக்கணும்.

#16 ஓடும்_கால்கள்

நத்தம் சார் காணோம்

#17 நத்தம்_அப்பா

இங்க தான் இருக்கேன். ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

பிடி சார் கேட்டீங்கல்ல, எங்க இருந்தீங்கன்னு. கோட்டுக்குப் பக்கத்துல தான் இருந்தேன். இவ கையை முன்னாடி நீட்டிட்டு வந்தா, கை முதல்ல கோட்டைத் தாண்டுச்சு, அதனால இவ தான் முதல்னு நடுவர்கிட்ட போய் சத்தம் போட்டேன். அவர் பொறுமையா தான் சொன்னார், கை, கால், தலை எதுவும் கணக்கு இல்லங்க, உடம்பு, நெஞ்சுப் பகுதி தான் கணக்குன்னு. நான் விடல. ஒரு பத்து நிமிஷம் நின்னு பேசுனேன், வீடியோ இருக்கு பாருங்கன்னு ஃபோனை நீட்டுனேன். அந்த நேரம் ஜெயிச்ச புள்ளையோட அம்மா பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க, வேலைக்குப் போற எடத்துல இருந்து நேரா வந்திருப்பாங்க போல, கையில தூக்குவாளி. என்னையே பாத்துட்டு இருந்தாங்க. நான் அவங்களைப் பாக்கல, பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

நேத்து ராத்திரி பாப்பாகிட்ட பேசுனேன். ஓடும் கால்கள் சொன்ன நாலு செகண்ட் விஷயத்தைத் தான் முதல்ல சொன்னேன், பெஸ்ட் டைமிங்லன்னு. அப்படியான்னு கேட்டா, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. சரி அந்தப் புள்ள கை நீட்டுச்சே ஏன்டா குடுக்கலன்னு கேட்டேன். அவ சொன்னதை அப்படியே எழுதறேன்.

"நீங்க தானப்பா 400ல நின்னு அவளை விடாத அவளை விடாதன்னு கத்துனீங்க, அப்புறம் சார்கிட்ட அவ ஜெயிக்கலன்னு சண்டை போட்டீங்க, அப்ப நான் போய் கை குடுத்தா நீங்க சொன்னது பொய்யாயிராது?"

என்கிட்ட பதில் இல்ல. பைக்ல பேசாம வந்ததுக்கும் காரணம் கேட்டேன். நீங்க பேசலல்ல அதான்னா. நான் அவ கோவமா இருக்கான்னு பேசாம வந்தேன், அவ நான் கோவமா இருக்கேன்னு பேசாம வந்திருக்கா. திண்டுக்கல்ல இருந்து நத்தம் வரைக்கும்.

#18 வெறியன்86

ம்.

#19 ஒஸ்லோ_தம்பி

அண்ணா நீங்கள் இதை எழுதினதே பெரிய விசயம். எங்கட ஊரில பள்ளிக்கூட இல்ல (ஹவுஸ்) விளையாட்டுப் போட்டி நடக்கேக்க என்ட அப்பா ஒருக்கா நடுவரோட அடிபடப் போய் நான் வெக்கத்தில இல்லச் சோடினைக்கு (ஹவுஸ் அலங்காரத்துக்கு) பின்னால ஒளிச்சு நிண்டனான். முப்பது வருசமாச்சு, அண்டைக்கு நான் எத்தினையாம் இடம் எண்டது மறந்து போச்சு.

#20 பிடி_சார்

ஐயா, நடுவர்கிட்ட கேக்கணும்னா டீம் மேனேஜர் தான் கேக்கணும், எழுதி குடுக்கலாம், அதுக்கு வழி இருக்கு. பேரண்ட் உள்ள வந்தா எங்களுக்குத் தான் கஷ்டம், ஏன்னா அந்தப் புள்ள அடுத்த ஈவென்ட்டுக்கு நிக்கணும், காது பூரா அப்பா சத்தம் தான் இருக்கும். அந்த நடுவர் இடத்துல நானும் நிறைய தடவை வெயில்ல நின்னிருக்கேன், ஒரு பன்னும் டீயும் தான் மதியம் வரைக்கும்.

சாரி சொல்ல வைக்கிறதுன்னு முதல்ல கேட்டீங்க. இப்ப யார் யார்கிட்ட சொல்லணும்னு உங்களுக்கே தெரியும், நான் சொல்லல. ஆனா பொண்ணைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகாதீங்க. ரெண்டு பேரும் 14க்குள்ள தானே, பள்ளி வேறயா இருந்தாலும் கிரவுண்டு ஒண்ணு தானே, கோச்கிட்ட சொல்லி பிராக்டிஸ்ல ஒரே ரிலேல போடச் சொல்லுங்க, 4x100. பேட்டனை (ரிலே குச்சியை) வாங்கறவ திரும்பிப் பாக்கக் கூடாது, கையைப் பின்னாடி நீட்டிட்டு ஓடிட்டே இருக்கணும், அவ வந்து வைப்பான்னு நம்பி. அப்ப கை குடுத்து தான் ஆகணும்.

#21 நத்தம்_அப்பா

இன்னிக்கு சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். அந்தம்மா வெளிய கேட்டுகிட்ட நின்னாங்க. நான் போய் உங்க பொண்ணு நல்லா ஓடுச்சும்மா, அன்னிக்கு நான் சத்தம் போட்டது தப்பு, உங்க பொண்ணு தான் ஜெயிச்சதுன்னு சொன்னேன். அவங்க சிரிச்சிட்டு "பரவால்லண்ணே, எங்க வீட்டுக்காரரா இருந்தா அடியே விழுந்திருக்கும்"னாங்க. அதுக்கு மேல என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. மாநிலப் போட்டிக்கு எப்ப போகணும், வேன் ஏற்பாடு பண்ணுவாங்களா, யார் கூடப் போறதுன்னு பேசிட்டு இருந்தோம். அவங்களால வர முடியாதாம், வேலைல லீவு கிடையாது. ரெண்டு புள்ளைங்களையும் நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன்.

பாப்பா நான் பேசுனதைப் பாத்தாளா இல்லையான்னு தெரியல. உள்ள ரெண்டு பேரும் ஸ்ட்ரெச்சிங் பண்ணிட்டு இருந்தாங்க, கொஞ்சம் தள்ளித் தள்ளி. பேசிக்கல. ஆனா திரும்பி வரும்போது பைக்ல "அப்பா அவளுக்கு ஸ்பைக்ஸ் ஷூ கிழிஞ்சிருச்சுப்பா, ஒட்டி ஒட்டி தான் ஓடறா"ன்னா. நான் சரின்னு மட்டும் சொன்னேன்.

சர்டிபிகேட் மேல மிக்ஸி வச்சிருக்கோம், டிக்ஷனரி இல்ல வீட்ல. மடிப்பு இன்னும் போகல பிடி சார். லேமினேட் பண்ணிரலாமா?

#22 பிடி_சார்

ஐயோ வேணாம்!! ஒரிஜினலை லேமினேட் பண்ணாதீங்க, பின்னாடி வெரிஃபிகேஷன்ல பின்பக்கம் சீல் போடணும் கையெழுத்து போடணும்னா ஒண்ணும் பண்ண முடியாது. பிளாஸ்டிக் கவர் ஃபைல்ல போட்டு பீரோல வைங்க. மடிப்பு இருந்தா பரவால்ல, கிழியாம இருந்தா போதும்.

ஸ்பைக்ஸ் சைஸ் என்னன்னு கேட்டு சொல்லுங்க, எங்க ஸ்கூல்ல போன வருஷப் பசங்க விட்டுட்டுப் போன ஜோடி ரெண்டு மூணு கெடக்கு.

#23 நத்தம்_அப்பா

4ன்னு சொல்றா. பாப்பாவுக்கும் 4 தான்.